காலடியில் உடையும் பனி

கேள்வி: பெங்களூரில் வேலை செய்யும் என் மகன், பிப்ரவரியில் நண்பர்களுடன் குல்மார்க் சென்று, சீரமைத்த தடங்களுக்கு வெளியே பனிச்சறுக்கு செய்யப் போகிறான். பனிச்சரிவு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், “மண்சரிவைப் பார்த்து வளர்ந்தவன்தானே அம்மா, கையில் போனும் இருக்கிறது” என்கிறான். அனுப்பலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. நம் நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்கு ஆங்கிலேயர், பனிச்சரிவைக் குறிக்கும் ‘அவலாஞ்ச்’ என்ற பெயரை வைத்ததே ஒரு மண்சரிவைப் பார்த்துத்தான் என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. மழையில் ஊறிக் கனத்த மண் பிடிப்பை இழந்து மேட்டுப்பாளையம் சாலையில் தானாகச் சரிகிறது. பனிச்சறுக்கு செய்பவரைப் புதைக்கும் பனிச்சரிவையோ பெரும்பாலும் அவரோ அவருடன் வந்தவரோதான் கிளப்பிவிடுகிறார். இறுகிய பனிப்பாளம் ஒன்று, அஸ்காச் சர்க்கரைபோல ஒட்டாமல் உதிரும் மெல்லிய படலத்தின் மேல் அமர்ந்திருக்கும். ஓர் ஆளின் பாரத்தில் அந்தப் படலம் நொறுங்கினால், அவர் நிற்கும் பாளமே உடைந்து அவரையும் இழுத்துக்கொண்டு ஓடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது மிகுதியாக நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்புவதும் அவற்றையே.

ஆகவே புதுப்பனி கொட்டிய அல்லது பலத்த காற்று வீசிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் அத்தகைய சரிவுகளைத் தவிர்க்க வேண்டும். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இறங்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கவனிக்க வேண்டும். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை அன்றன்று பார்ப்பதும் கட்டாயம். பயிற்சி மட்டுமே காப்பாற்றிவிடாது. 2010 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில் ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் உயிரிழந்தனர்.

போனை நம்புவது பெரிய தவறு. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அதற்குள் மீட்புக் குழு வந்து சேர்வது அரிது என்பதால், உடன் வந்தவர்கள்தான் தோண்டியெடுக்க வேண்டும். எனவே ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும், உடலோடு கட்டிய டிரான்ஸீவர் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக் கம்பி, உலோக மண்வாரி ஆகிய மூன்றும் இருந்தே ஆக வேண்டும். டிரான்ஸீவருக்கு அருகில் போன் இருந்தால் சமிக்ஞை குழம்பும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

பழகுவதற்குப் பனி தேவையில்லை. ஊருக்கு வரும்போது நண்பர்களையும் அழைத்து வரச் சொல்லி, ஒரு டிரான்ஸீவரைப் பையில் வைத்துத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் அதைக் கண்டெடுக்கும்வரை, தடங்களைவிட்டு வெளியே போக வேண்டாம் என்று நீங்கள் அழுத்தமாகவே சொல்லலாம்.