மழை மேல் யாருக்கும் கோபமில்லை, அம்மா

கேள்வி: என் மகன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறான். அந்த ஊர் ஃபுட்பால் டீம் மேல் அவனுக்கு உயிர். நான்காவது டிவிஷன் டீமாம். போன சனிக்கிழமை வெளியூர் மேட்ச் பார்க்க, இரண்டு நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு, விடிகாலையில் ரசிகர்களோடு பஸ் ஏறியிருக்கிறான். ஐந்து மணி நேரப் பயணம். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, தரையில் தண்ணீர் நிற்கிறது என்று ஒத்திவைத்துவிட்டார்கள். முந்தின ராத்திரி முழுக்க அங்கே மழையாம். புது தேதி ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அன்றிலிருந்து ஃபோனில் அதே புலம்பல். மழை பெய்தால் மேட்ச் நிற்கத்தானே செய்யும்? பெயர் தெரியாத ஒரு டீமுக்காக, வெறும் விளையாட்டுக்காக, இவ்வளவு கோபம் தேவையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தேவைதான், அம்மா. உங்கள் மகன் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முந்தின ராத்திரி முழுக்க மழை என்று. அப்படியென்றால் காலையிலும் அந்தத் தரையில் தண்ணீர் நின்றிருக்கும். அப்போதே யாராவது போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் மகன் பஸ்ஸிலேயே ஏறியிருக்க மாட்டார். கோபம் அங்கேதான் இருக்கிறது.

ஆட முடியுமா முடியாதா என்று முடிவு செய்கிறவர் ரெஃப்ரி. பந்தை உருட்டிப் பார்ப்பார், மேலிருந்து போட்டுப் பார்ப்பார். தண்ணீரில் பந்து அப்படியே நின்றுவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டக்காரர்களின் கால் முட்டி சம்பந்தப்பட்ட விஷயம் அது. அதில் ரெஃப்ரியைத் திட்டுகிற ரசிகர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் சந்தேகம் இருக்கிற நாளில், பக்கத்தில் குடியிருக்கும் இன்னொரு ரெஃப்ரியைக் காலையிலேயே வரவழைத்துக் களத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. அதைச் செய்யாமல் மத்தியானம் வரை இழுத்தால் அதற்கு வானம் பொறுப்பில்லை.

ஏன் இழுக்கிறார்கள்? சனிக்கிழமைக் கூட்டத்தை விட மனசு வராது. முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில்தான் டிவி பணம் கொட்டுகிறது. கீழே இருக்கிற கிளப்புக்கு வாசலில் விற்கும் டிக்கெட்டும் உள்ளே விற்கும் தின்பண்டமும் பெரிய வருமானம். 1963-ல் இங்கிலாந்தே உறைந்துபோன குளிர்காலத்தில், வாரக்கணக்கில் ஆட முடியாமல் தவித்த ஹாலிஃபாக்ஸ் டவுன் என்கிற சின்ன கிளப், உறைந்து கிடந்த தன் மைதானத்தையே காசு வாங்கிக்கொண்டு பனிச்சறுக்குக்குத் திறந்துவிட்டது. அந்த வருஷம், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றை ஆடி முடிக்கவே 66 நாள் ஆனது. ஆக, கிளப்பின் கஷ்டம் உண்மையானது. ‘எப்படியாவது ஆடிவிடலாம்’ என்ற அதன் ஆசையும் எனக்குப் புரிகிறது. அந்த ஆசைக்கு வெளியூர் ரசிகரின் பஸ் காசைப் பந்தயம் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிக்கெட் புது தேதிக்குச் செல்லும் என்பார்கள். மாற்றிக்கொண்ட இரண்டு நைட் டியூட்டி எந்தத் தேதிக்குச் செல்லும்?

இங்கிலாந்தின் வட கோடியில் இருக்கும் கார்லைலும் தென்மேற்கில் இருக்கும் பிளிமத்தும் ஒரே டிவிஷனில் ஆடிய வருஷங்கள் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் சென்னையிலிருந்து திருநெல்வேலி. செவ்வாய்க்கிழமை ராத்திரி 7:45-க்கு ஆட்டம் தொடங்கினால் முடியும்போது மணி பத்தை நெருங்கிவிடும். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகவேண்டிய ஒருவர் எப்படித் திரும்புவார்? தேதியை நிச்சயிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை.

இங்கே எனக்கு 2022 ஞாபகம் வருகிறது. செப்டம்பர் 8 அன்று ராணி எலிசபெத் இறந்தார். அந்த வார இறுதியில் இங்கிலாந்தில் ஃபுட்பாலை மொத்தமாக நிறுத்தினார்கள், சின்னப் பிள்ளைகள் ஆடும் மேட்ச் வரைக்கும். அரசாங்கம் அப்படிச் சொல்லவில்லை. முடிவை அந்தந்த விளையாட்டு அமைப்பிடமே விட்டிருந்தது. அதே சனிக்கிழமை ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் டெஸ்ட் மேட்ச் ஆடின. துக்கம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் ஃபுட்பால் ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

‘பெயர் தெரியாத டீம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு நான் சண்டை போடுவது இந்த வார்த்தைக்காகத்தான். பெரி என்று ஒரு ஊர், மான்செஸ்டருக்குப் பக்கம். அதன் கிளப் 1885-ல் தொடங்கியது. 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2019-ல் கடனில் மூழ்கி, பணம் இருக்கிறது என்று காட்ட முடியாமல், சீசனின் முதல் மேட்சுகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. ஆகஸ்ட் 27 கெடு. புது முதலாளி வரப்போகிறார் என்ற நம்பிக்கையில் அன்று நூற்றுக்கணக்கான பேர் துடைப்பமும் துணியுமாக மைதானத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை மேட்ச் நடந்துவிடும் என்று இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைக் கூட்டினார்கள். அன்று ராத்திரியே கிளப்பை லீக்கை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, எத்தனையோ படி கீழே இறங்கி, 2023-ல்தான் அந்த மைதானத்துக்கு பெரி கிளப் திரும்பி வந்தது. பெரிக்காரர்கள் பட்டதைப் பார்த்த எந்தச் சின்ன கிளப் ரசிகருக்கும் ‘ஒத்திவைப்பு’ என்ற சொல் சாதாரணமாகக் காதில் விழாது.

அப்புறம் உங்கள் மகனைப் பற்றி. வேறு தேசத்தில், சொந்தபந்தம் இல்லாத சின்ன ஊரில் இருக்கிறார். வேலை முடிந்தால் அறை. மான்செஸ்டர் யுனைடெட்டை டிவியில் பார்ப்பது அவருக்குச் சுலபம். அதை விட்டு, மழையில் நனைந்துகொண்டு உள்ளூர் டீமுக்குக் குரல் கொடுக்கப் போகிறார் என்றால், அந்த ஊர் தன்னையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று போகிறார். அந்த பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்காரர் இருப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை போனால் அவருக்கு அதெல்லாம்தான் போகிறது.

அதனால் புலம்பினால் கேளுங்கள், அம்மா. ‘வெறும் விளையாட்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். புது தேதி என்ன, லீவு கிடைத்ததா என்று விசாரியுங்கள். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி 7:45 என்றால் நமக்குப் புதன் விடிகாலை 1:15. விழித்திருக்க வேண்டாம். காலையில் காப்பி போட்டதும் ஒரு ஃபோன் போட்டு, உங்க டீம் ஜெயிச்சுதா என்று கேளுங்கள்.