வாசலில் நின்றால் லேண்டிங் சுவர் பாதிதான்

திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “புதிதாகக் கட்டிய மாடி வீடு. வாசல் கதவைத் திறந்தால் ஹால், அதன் கடைசியில் படிக்கட்டு, படி திரும்பும் லேண்டிங் சுவர் எல்லாம் நேராகத் தெரியும். சுவர் ஏழடி அகலம். வலது பக்கம் மேற்குப் பார்த்த சின்ன ஜன்னல். காலமான மாமனாரின் படத்தை அங்கே மாட்ட வேண்டும் என்கிறார் மாமியார். கணவர் இரண்டரை அடி இரும்புக் கடிகாரம் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அலங்காரக் கடைக்காரர் புத்தர் சிலை வைத்த நீரூற்றைக் காட்டுகிறார். எனக்கு மதுரை மணம் உள்ள ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இருபதாயிரம் ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?”

நீங்கள் முதலில் அனுப்பிய படம் லேண்டிங்கில் ஏறி நின்று எடுத்தது. அதில் ஏழடிச் சுவரும் வெள்ளை வேட்டி போல விரிந்து கிடந்தது. வாசற்படியில் நின்று இன்னொன்று எடுத்து அனுப்புங்கள் என்று நான் கேட்டதில் உங்களுக்குக் கொஞ்சம் சலிப்பு வந்திருக்கலாம். இப்போது அந்த இரண்டாவது படத்தை எடுத்துப் பாருங்கள். சுவரின் வலது பாதி எங்கே போயிற்று?

உங்கள் படிக்கட்டு இடது பக்கமாக ஏறி, லேண்டிங்கில் திரும்பி, வலது பக்கமாக ஹாலை நோக்கியே மேலே வருகிறது. அந்த இரண்டாவது வரிசைப் படிகள்தான் தங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரை மறைக்கின்றன. வாசலில் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரிவது படியின் அடிப்பாகம் மட்டும். உங்கள் ஏழடிச் சுவரில் வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படுவது இடது பாதி, சுமார் மூன்றரை அடி. சோபாவில் எந்த ஓரத்தில் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்.

லேண்டிங் அலங்காரத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. மேலே ஏறி நின்று, டேப் பிடித்து, சுவரின் சரியான நடுவில் ஆணி அடித்துவிடுகிறார்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அப்படி மூன்று படங்களை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து பார்த்தேன். ஒன்று முழுதாகத் தெரிந்தது, ஒன்று பாதி, மூன்றாவதைக் காணவே இல்லை. உங்கள் கணவரின் கடிகாரத்தை நடுவில் மாட்டினால் வாசலிலிருந்து அது பிறைநிலா போலத் தெரியும். தெரிகிற பாதிக்கே நகர்த்தி மாட்டினாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. வீட்டுக்குள் காலை வைத்த விருந்தாளிக்கு முதலில் மணியைக் காட்டுவது எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவர் அதற்குப் பொருத்தம். அங்கே பேட்டரி மாற்றவும் ஸ்டூல் போதும்.

மாமனார் படத்துக்கு வருகிறேன். இதில் வாஸ்து பேசப் போவதில்லை, உங்கள் மாமியாரின் முழங்காலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காலமானவர் படம் என்றால் பூச்சரம் மாற்ற வேண்டும், அமாவாசைக்கும் திதிக்கும் எதிரில் விளக்கு வைக்க வேண்டும், ஒரு நிமிடம் நின்று கும்பிட வேண்டும். இதையெல்லாம் நாள்தோறும் செய்யப் போகிறவர் பத்துப் படி ஏற வேண்டும். மூன்றரை அடி ஆழமோ நான்கடி ஆழமோ உள்ள லேண்டிங்கில், ஆள் ஏறி இறங்கும் பாதையில், தீபத்தை வைக்கவும் முடியாது. நிஜப் பூவை அங்கே போட்டால் ஈரம் சுவரில் கறையாக இறங்கும், உதிர்ந்த மல்லிகை படியில் வழுக்கும். முதல் படி தொடங்கும் இடத்தில், ஹாலின் இடதுபுறச் சுவரில், அவர் கை எட்டும் உயரத்தில் படத்தை மாட்டி, கீழே ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுங்கள். வாசலிலிருந்தும் தெரியும். “இங்கே இருந்தால் நீங்களே பூ வைக்கலாம், அத்தை” என்று சொல்லிப் பாருங்கள். அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

நீரூற்று வேண்டாம். மதுரையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளில் குழாய்த் தலையில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீர்கள். புத்தர் முகத்திலும் அதுதான் படியும். தண்ணீரைத் தெளிக்கும் எதையும் படிக்கட்டில் வைக்கக் கூடாது. கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பவர்கள்கூட லேண்டிங் ஜன்னலை விட்டுவிடுவது நல்லது.

சரி, அந்த மூன்றரை அடியில் என்ன வைப்பது? மதுரை மணம் வேண்டும் என்றதும் எனக்குத் தோன்றியது சுங்குடி. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற துணி. சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் விரலாலும் நூலாலும் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து, பிரித்தெடுப்பது. மாமியாரின் பெட்டியில் பழைய சுங்குடிப் புடவை ஒன்று கிடந்தால் அதைவிட நல்ல அலங்காரம் கடையில் கிடைக்காது. புதிதாக வாங்குவதானால் துணியைத் தடவிப் பாருங்கள். முடிச்சுப் போட்டதில் ஒவ்வொரு புள்ளியும் மெல்ல எழும்பி, சுருங்கி, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக, தட்டையாக இருந்தால் அது அச்சடித்தது. உடுத்த அது போதும், சுவரில் மாட்டி அண்ணாந்து பார்க்க வேண்டியதற்குப் போதாது.

இரண்டடி அகலம், மூன்றரை அடி உயரத்தில் மரச்சட்டம் செய்யச் சொல்லுங்கள். புடவையை வெட்ட வேண்டாம். முந்தானைப் பக்கம் முன்னால் வரும்படி மடித்து, சட்டத்தின் பின்னால் பெரிய தையலாக ஓட்டித் தைத்துவிடலாம். கண்ணாடி போடாதீர்கள். உயரத்தில் இருக்கும் கண்ணாடியைக் கீழிருந்து பார்த்தால் துணி தெரியாது, மேல்மாடி விளக்குத்தான் பளிச்சென்று தெரியும். தூசி படியுமே என்பீர்கள். படியட்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒருமுறையும் நவராத்திரிக்கு முன் ஒருமுறையும் தையலைப் பிரித்து, தனியாக அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி தைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் அதே சுவரில் இருப்பதால் மாலை வெயில் துணிமேல் நேராக விழாது. அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். எதிர்ச் சுவராக இருந்திருந்தால் இரண்டு சித்திரையில் சாயம் வெளுத்திருக்கும்.

மாட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் நிலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எதுவும் சுவரோடு ஒட்டி நிற்காது. கீழ்விளிம்பு சின்ன மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும், மேல்விளிம்பு கயிற்றிலோ கம்பியிலோ முன்னால் சாய்ந்து, குனிந்து நம்மைப் பார்ப்பது போல இருக்கும். ஏதோ பழைய வழக்கம் என்று நாம் அதை விட்டுவிட்டோம். கீழே நின்று பார்ப்பவன் கண்ணுக்குப் படம் முகம் கொடுக்க வேண்டும், மேலிருந்து விழும் வெளிச்சம் அதில் கூசக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. சுவரோடு தட்டையாக மாட்டும் பழக்கம் கண் உயரத்தில் மாட்டும் படங்களுக்குச் சரி. உங்கள் லேண்டிங்கோ ஹால் தரையிலிருந்து ஐந்தடி மேலே இருக்கிறது: ஆறு அங்குலப் படி, பத்து. லேண்டிங் தரையிலிருந்து மூன்றடியில் சட்டத்தின் கீழ்விளிம்பு வரட்டும். மேல்விளிம்பு ஆறரை அடியில் நிற்கும். ஹாலிலிருந்து கணக்கிட்டால் அது பதினொன்றரை அடி உயரம். ஆகவே மேல்பக்கம் சுவரைவிட்டு மூன்று அங்குலம் முன்னால் வரும்படி சாய்த்து மாட்டுங்கள். கீழே இரண்டு மரக்கட்டை, மேலே இரண்டு கொக்கி. ஒற்றைக் கொக்கி என்றால் கதவு அறைபடும்போதெல்லாம் சட்டம் கோணிக்கொள்ளும்.

தரைக்கு என்ன என்று கேட்பீர்கள். ஒன்றும் வேண்டாம். ஹாலில் நிற்பவரின் கண் ஏறக்குறைய ஐந்தடியில் இருக்கிறது, லேண்டிங் தரையும் ஐந்தடியில். அந்தத் தரை அவருக்கு ஒரு கோடாகத்தான் தெரியும். அங்கே விரிக்கும் கம்பளத்தை நீங்கள் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. இறங்கும்போது அது காலை வாரிவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். சோபாவில் உட்கார்ந்தவர் கண் இன்னும் ஒன்றரை அடி கீழே. பன்னிரண்டு அடி தள்ளி அமர்ந்திருப்பவருக்கு, நான்கடி ஆழ லேண்டிங்கின் பின்சுவரை ஒட்டி வைக்கும் எந்தப் பொருளிலும் கீழ் அரை அடி மறைந்துவிடும். கொலு வைக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டிப் பொம்மையைப் பின்வரிசையில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கண்டிப்பாக ஏதாவது நிற்க வேண்டும் என்றால், வெளிமூலையில் உயரமான மண்சாடி ஒன்று, மூன்றடிக்குக் குறையாமல். மானாமதுரை மண்பாண்டம் உங்களுக்குத் தொலைவில்லை. விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, பொம்மை வாங்கும் ஆசையும் வரும். வாங்குங்கள், ஆனால் ஹாலில் வையுங்கள். லேண்டிங்கில் நிற்கும் பொருள் ஒரே ஆள் ஒரே தூக்கில் எடுத்துவிடும்படி இருக்க வேண்டும். கட்டிலும் பீரோவும் மாடிக்கு ஏறும்போது திரும்புவது அந்த மூலையில்தான். உடம்பு முடியாதவரை நாற்காலியில் வைத்து இறக்க வேண்டிய நாளிலும் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். மணிபிளான்ட்டைப் பாட்டில் தண்ணீரில் விடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஜன்னலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளத் திரைச்சீலை காற்றில் பறந்து காலில் சுற்றும். ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே அடங்கும் மூங்கில் தட்டி போதும், நாலு மணி வெயிலைத் தடுத்துவிடும்.

பணத்தில் பெரும்பங்கை விளக்குக்கு ஒதுக்குங்கள். லேண்டிங் தரையிலிருந்து மேல்கூரை வரை உங்களுக்குப் பதினைந்தடி இருக்கிறது. அந்த உச்சியில் சரவிளக்கு தொங்கவிடச் சொல்பவரிடம், பல்பு போனால் ஏணியை எந்தப் படியில் ஊன்றுவது என்று கேளுங்கள். இடதுபக்கச் சுவரில், லேண்டிங் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில், சட்டத்தின்மேல் பக்கவாட்டில் ஒளி விழும்படி ஒரு சுவர் விளக்கு போதும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் சுங்குடிப் புள்ளிகள் எழும்பித் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள். பல்பு நேராகத் தெரியாமல் மூடியிருக்க வேண்டும், இறங்கி வருகிறவர் கண்ணைக் கூசவைத்தால் கடைசிப் படி தெரியாது. சுவிட்ச் கீழே ஒன்று, மேலே ஒன்று என டூ வே இணைப்பாக இருக்கட்டும். இருட்டில் இறங்கி வந்து விளக்குப் போடும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஆகவே முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சட்டமும் தச்சரும் பிறகு. அதற்கும் முன்னால், இரண்டுக்கு மூன்றரை அடி அளவில் செய்தித்தாளை ஒட்டி, தெரிகிற இடது பாதியின் நடுவில், அதாவது இடது மூலையிலிருந்து ஒன்றே முக்கால் அடியில் மையம் வரும்படி, டேப்பால் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். வாசலிலிருந்தும் சோபாவிலிருந்தும் பாருங்கள். மாமியாரையும் கணவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம் இப்படி அப்படி நகர்த்த வேண்டியிருக்கும், தாளை நகர்த்துவது சுலபம். துளை போடும் நாளில் அந்தச் சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலும் நேர் பக்கத்திலும் டிரில் வைக்காதீர்கள். ஒயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பதிந்திருக்கும்.