மாமா கேட்ட கேள்வி

போன ஞாயிறு தலவாக்கலையிலிருந்து ஒரு அம்மா, மகளையும் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு மேற்படிப்பு பற்றி என்னிடம் கேட்க வந்தார். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குக் கொஞ்சம் எட்டாது. நகையை வைத்துத் தனியார் கெம்பஸில் சேர்ப்போம் என்கிறார் மாமா. பிள்ளையோ நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைப் பற்றியே பேசுகிறாள். "அதைத் தீர்த்தா யாருக்கு சேர் சோறு?" என்று மாமா கேட்டுவிட்டார்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: நியாயமான கேள்விதான், அக்கா. தீர்த்த மறுநாள் காலையில் ஒன்றும் மாறாது. நீரும் காற்றும் ஓடுவதைச் சொல்லும் அந்தச் சமன்பாட்டை நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதினார்கள். முப்பரிமாணத்தில் அதன் தீர்வு எப்போதும் சீராக இருக்குமா என்று நிறுவுபவருக்குப் பத்து லட்சம் டொலர் தருவதாக 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. விமானம் செய்பவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை; கம்ப்யூட்டரில் தோராயமாகத் தீர்த்துப் பறக்கவிடுகிறார்கள். வானிலை முன்னறிவிப்பும் அப்படித்தான். பரிசை நம்பிப் படிக்க வைப்பது லொத்தர் சீட்டு வாங்குவது மாதிரி.

ஆனால் அந்தத் தோராயம் எங்கே காலை வாரும் என்று தெரிந்த ஆள் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. இன்றும் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு என்றுதான் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. ஈரமண் எப்போது குழம்பாகி ஓடும் என்பதும் நீரும் காற்றும் ஓடுவதைப் போன்ற பாய்மக் கணக்குத்தான். எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வெறும் கணக்கு?

சரி, வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் பௌதிக விஞ்ஞானத்தைப் போடுங்கள். இதன் வெட்டுப்புள்ளி பொதுவாகப் பொறியியலை விடக் குறைவு. பேராதனை விஞ்ஞான பீடத்தில் கற்பித்தலுக்குக் கட்டணமில்லை. வருமானம் குறைந்த குடும்பம் என்பதால் மகாபொல உதவித்தொகைக்கும் போடலாம். பொதுப்பட்டம் மூன்று வருடம், சிறப்புப்பட்டம் நான்கு. கணிதம், பௌதிகவியலோடு கணினி விஞ்ஞானமோ புள்ளிவிபரவியலோ கிடைத்தால் விடக்கூடாது. முதல் வருடத்திலேயே பைதன் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பழகட்டும், சமன்பாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கட்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்; முதல் ஆறு மாதம் திணறுவாள், எல்லாரும் திணறினவர்கள்தான். அப்புறம் வளிமண்டலவியல் திணைக்களம், அந்த மண்சரிவு எச்சரிக்கையைத் தரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், நீர்ப்பாசனம் என்று விண்ணப்பிக்கலாம். நல்ல வகுப்புச் சித்தி வந்தால் உதவித்தொகையோடு வெளிநாட்டு மேற்படிப்பு. ஒன்றும் அமையாவிட்டாலும், நம் தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் இல்லாத வகுப்புகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நகையை மட்டும் தொடாதீர்கள். அவளுக்குப் பிடிக்காத பட்டத்துக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டாம். புதன்கிழமை மகளைத் தனியாக அனுப்புங்கள். தெரிவு வரிசையை அவளே எழுதட்டும்.