பெர்லினில் ஒரு ஞாயிறு – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அலுவலக வேலையாகப் போன மாதம் பெர்லின் சென்றிருந்தேன். சனிக்கிழமை இரவு இறங்கினேன், திங்கள் காலை கூட்டம். நடுவில் முழுசாக ஒரு ஞாயிறு. ஊரைச் சுற்றலாம், வீட்டுக்கு ஏதாவது வாங்கலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். குர்ஃபுர்ஸ்டெண்டாம் என்ற பெரிய கடைவீதியில் ஒரு துணிக்கடைகூடத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று சட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். சைவம் என்பதால் தயிரும் பழமும் வாங்கிக்கொள்ளலாம் என்றால் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டும் பூட்டு. மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கிவிட்டேன். நம்மூரில் ஞாயிறு என்றால் தி. நகரில் நடக்க இடமிருக்காது. மதச்சார்பற்ற அரசு என்று சொல்லிக்கொண்டு, சர்ச்சுக்குப் போகும் நாள் என்பதற்காக ஊரையே மூடுவது என்ன நியாயம்? ஆகஸ்டில் மறுபடி போகிறேன். மறுபடி ஒரு ஞாயிறு மாட்டுகிறது. அதையும் தூங்கித்தான் கழிக்க வேண்டுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

தூங்கியதில் தப்பே இல்லை. அந்த நாட்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவைத்திருப்பதே அதற்காகத்தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1919இல் ஜெர்மனி எழுதிய வைமர் அரசியல் சாசனத்தின் 139ஆவது பிரிவு, ஞாயிறு வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாளாகவும் மனம் மேலெழும் நாளாகவும் சட்டத்தால் காக்கப்படும் என்கிறது. ஹிட்லர் வந்து, போர் வந்து, நாடு இரண்டானபோது, 1949இல் மேற்கு ஜெர்மனி எழுதிய புதிய சாசனம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது. நீங்கள் பார்த்த பூட்டு கடைக்காரர் சோம்பலில் போட்டதல்ல.

மதச்சார்பின்மை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனி இந்த விஷயத்தில் பிரான்ஸ் மாதிரி கிடையாது. சர்ச்சுக்கான வரியை அரசே வசூலித்துக் கொடுக்கும் நாடு அது. ஆனால் பெர்லின்வாசிகளில் பெரும்பாலோர் எந்தச் சர்ச்சிலும் உறுப்பினர்கள் அல்ல. ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே பூசைக்குப் போகிறவர்களைவிட, நடைபாதையில் நாற்காலி போட்டு முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருப்பவர்கள் பல மடங்கு அதிகம். அப்படியிருந்தும் பூட்டு தொங்குகிறதென்றால், அதைப் பிடித்திருக்கும் இன்னொரு கை எது என்று பார்க்க வேண்டும்.

பெர்லின் நகர அரசே அதைத் திறந்துபார்க்க முயன்றிருக்கிறது. 2006இல் கொண்டுவந்த சட்டத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் மதியத்துக்கு மேல் கடை திறக்கலாம் என்றார்கள். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சர்ச்சுகள் பக்கம் தீர்ப்பளித்தது. கடைக்காரரின் லாப ஆசையும் வாங்குபவரின் அன்றாடக் கடைவீதி ஆசையும் மட்டும் ஞாயிறைத் திறக்கப் போதுமான காரணம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வருஷத்து டிசம்பருக்கு மட்டும், எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டதால், போனால் போகிறது என்று விட்டார்கள். இப்போது ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஞாயிறுகளில்தான் கடைகளுக்கு அனுமதி.

சர்ச்சுக்குத் தோள் கொடுத்து நிற்பது தொழிற்சங்கம். கடை ஊழியர்களின் சங்கமும் பாதிரிமார்களும் ஒரே மேடையில் ஏறுவது வேறு எந்த விஷயத்திலும் அவ்வளவு சுலபமில்லை. ஞாயிறு என்றால் ஏறிவிடுகிறார்கள். 1956 மே தினத்துக்குச் சங்கங்கள் ஒட்டிய சுவரொட்டி ஒன்று அங்கே புகழ்பெற்றது: ஒரு சின்னப் பையன் படம், ‘சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்’ என்ற வாசகம். வாரம் ஐந்து நாள் வேலை கேட்ட போராட்டம் அது. சனிக்கிழமையையே அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் ஞாயிறை எப்படி விடுவார்கள்? தி. நகர் ஞாயிறு பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு எது ஞாயிறு என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதனால் இதில் நான் பூட்டின் பக்கம்தான்.

அதற்காகப் பெர்லின் ஞாயிறை ஏதோ புனிதமாகவும் ஆக்க வேண்டாம். நீங்கள் காபி குடித்தால் யாரோ போட வேண்டும். ரயில், ஆஸ்பத்திரி, ஓட்டல், அருங்காட்சியகம் எல்லாம் ஓடுகின்றன. ஸ்பேட்டி என்று ஒரு பெட்டிக்கடை ரகம் உண்டு. பீர், சிகரெட், தண்ணீர், சிப்ஸ் கிடைக்கும். சட்டப்படி அவற்றில் பெரும்பாலானவை ஞாயிறன்று திறக்கக் கூடாது. ஆனாலும் பல திறந்திருக்கும். அவ்வப்போது அபராதமும் விழும். உள்ளே நிற்பவர் பெரும்பாலும் துருக்கியிலிருந்தோ அரபு நாடுகளிலிருந்தோ வந்த குடும்பத்துக்காரர். ஊருக்கு ஓய்வு கொடுக்கும் சட்டம் அவருக்குச் சம்பாதிக்கும் நாளைப் பறிக்கிறது என்ற மனக்குறையும் நியாயமானதுதான்.

சரி, ஆகஸ்டுக்கு வருவோம்.

திங்கட்கிழமை பெர்லினில் நிறைய அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அதனால் கண்ணாடிக்கு வெளியே நிற்காமல் ஃபிரீட்ரிக் தெரு ரயில் நிலையத்துக்குப் போங்கள். நிலையத்தை ஒட்டி, கண்ணாடியாலான ஒரு கூடம் இருக்கிறது. கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கே போகிறவர்களைச் சோதிக்க 1962இல் கட்டியது. வழியனுப்ப வந்தவர்கள் அதற்கு மேல் போக முடியாது என்பதால் ஜனங்கள் அதைக் கண்ணீர் மாளிகை என்றார்கள். இன்று அருங்காட்சியகம்; நுழைவு இலவசம். கடவுச்சீட்டுச் சோதனைக்கூண்டு ஒன்று அப்படியே இருக்கிறது. மரப்பலகை அடித்த ஒடுக்கமான வழி, ஒருவர்தான் நிற்கலாம். உள்ளே நின்றாலே காரணமில்லாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

இந்த நிலையத்தில் நமக்கும் ஒரு கதை உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் இது வருவதில்லை. 1980களின் முதல் பாதியில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, வழிப்பயண விசாவில் நகரைக் கடந்து மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்டார்கள். ஃபிரீட்ரிக் தெரு நிலையம் வழியாக வந்தவர்களும் அதில் உண்டு. மேற்குப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. சோதித்தால் அது ஓர் எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பெர்லின் ஒரே நகரம் என்பது மேற்கின் நிலைப்பாடு. இரண்டு அரசுகளின் பிடிவாதத்துக்கு நடுவே கிடைத்த சந்து அது. 1985இல் கிழக்கு ஜெர்மனி, மேற்கத்திய விசா இல்லாத தமிழருக்கு அந்த வழியை அடைத்தது. உள்ளூர் ஜெர்மானியர் பெர்லின் சுவரைத் தாண்ட உயிரை விட்டுக்கொண்டிருந்த அதே ஊரில், நம்மவர்கள் ரயில் ஏறித் தாண்டினார்கள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து புறநகர் ரயிலில் வடக்கே இரண்டாவது நிறுத்தம் நோர்ட்பான்ஹோஃப். ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது. ஆனால் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்தியாக வேண்டும். மஃப்டியில் பரிசோதகர் ஏறுவார். அபராதம் 60 யூரோ. ‘நான் வெளியூர்’ என்ற பதிலை அவர் நிறையக் கேட்டிருப்பார். மேலே ஏறினால் பெர்னாவர் தெரு. அங்கே வீடுகள் கிழக்கில், வாசல் நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்டில் வாசல்களை அடைத்தபோது மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள், சிலர் செத்தார்கள். சுவர் நின்ற கோட்டில் இன்று துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டு நட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் சுவர் மாதிரி தெரியும். நெருங்கினால் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம். குழந்தைகள் அதில்தான் ஓடிப் பிடித்து விளையாடும். சுவருக்கு நடுவே சிக்கிய தேவாலயத்தைக் கிழக்கு அரசு 1985இல் வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000இல் எழுந்த சிற்றாலயத்தின் மண்சுவரில் பழைய கோயிலின் இடிபாடுகளை இடித்துச் சேர்த்திருக்கிறார்கள். கிட்டப் போனால் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் மண்ணில் புதைந்திருப்பது தெரியும். சுற்றிலும் கோதுமை இனத்தைச் சேர்ந்த ரை என்ற தானியம் விதைக்கிறார்கள்.

தெருவோடு நடந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் மவ்வர்பார்க் என்ற பூங்கா. சுவர் இருந்த காலத்தில் காவல் நாய்கள் திரிந்த நிலத்தில் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை. வீட்டுக்கு வாங்க வேண்டும் என்றீர்களே, இங்கே வாங்குங்கள். சைவமாகச் சாப்பிடவும் கிடைக்கும். பக்கத்தில் கல் படிக்கட்டு அரங்கம். அயர்லாந்துக்காரர் ஒருவர் 2009இல் ஒலிபெருக்கியைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து தொடங்கிய பாட்டுக் கச்சேரி, வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் களைகட்டும். யாரும் ஏறிப் பாடலாம். மோசமாகப் பாடுகிறவருக்குத்தான் கைதட்டல் அதிகம். குடித்த பாட்டிலைக் குப்பையில் போடாமல் தொட்டி ஓரம் வைத்துவிடுங்கள். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதைப் பொறுக்கி நாளை ஓட்டும் முதியவர்கள் அங்கே நிறைய.

சாயங்காலம் பெர்னாவர் தெருவிலேயே 8ஆம் எண் சுரங்க ரயில் ஏறி போடின்தெருவில் இறங்குங்கள். டெம்பல்ஹோஃப் விமான நிலையம் பத்து நிமிட நடை. 2008இல் மூடி, 2010இல் பூங்காவாகத் திறந்தார்கள். 300 ஹெக்டேருக்கு மேல் வெட்டவெளி. ஓரத்தில் வீடு கட்டலாம் என்று நகர அரசு சொன்னதை 2014 வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். ஓடுபாதையில் ஜனம் சைக்கிள் விடுகிறது, பட்டம் விடுகிறது, சும்மா படுத்துக் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள், கவனம். கோயிலுக்குப் போகும் மனம் இருந்தால் நீங்கள் இறங்கிய நொய்கோல்ன் பகுதியில் பிளாஷ்கோ அல்லேயில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் இருக்கிறார். நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகங்கள் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பெர்கமான் அருங்காட்சியகத்தைப் பழுதுபார்க்க 2023 அக்டோபரில் மூடினார்கள். போகும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயிருக்கு வழி சுலபம். ரயில் நிலையக் கடைகளுக்கு ஞாயிறு தடை இல்லை. மத்திய ரயில் நிலையத்துக்குள் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். பாதி பெர்லின் அங்கேதான் வரிசையில் நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள்.