பிளீச் போட்டுத் துடைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நரம்பு நச்சு வீசப்பட்டது. சோதனை முடிந்து, எங்கள் தளத்துக்குத் திரும்பலாம் என்று அதிகாரிகள் அனுமதித்துவிட்டார்கள். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. மேசை, தரை, கதவுப் பிடி ஆகியவற்றை வீட்டிலுள்ள பிளீச்சிங் திரவத்தால் நானே துடைக்கலாமா? புகை அடித்துச் சான்றிதழும் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் தொடர்ந்து அழைக்கிறது.

பதில்: துடைக்கலாம், ஆனால் வீசப்பட்டது எந்த நச்சு என்பதை அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான். இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் ‘இரசாயனப் பொருள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. பெயரைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்களாம். பெயர் தெரியாமல் எதைக் கொண்டு எதைத் துடைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

சாரின் என்ற நரம்பு நச்சு ஏறத்தாழத் தண்ணீரைப் போலவே ஆவியாகக்கூடியது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் வீசப்பட்டது அதுதான். பாதிக்கப்பட்டவர்களின் உடையிலிருந்து எழுந்த ஆவி, காற்றோட்டம் குறைந்த அறைகளில் அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை ஊழியர்களையும் தாக்கியது. ஆகவே சாரின் என்றால் முதல் வேலை சன்னல்களைத் திறந்துவைப்பது. விஎக்ஸ் என்ற மற்றொரு நரம்பு நச்சு எண்ணெய்ப் பசை போன்றது. எளிதில் ஆவியாகாமல் பட்ட இடத்திலேயே தங்கும். 2018இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஒரு வீட்டின் கதவுப் பிடியில் பூசப்பட்ட நோவிசோக் என்ற நரம்பு நச்சும் விரைவில் அகலாத வகைதான். அந்நகரில் தூய்மைப் பணி முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று, அந்த வீட்டின் கூரையையே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கண்ணாடி, பீங்கான், எஃகு போன்ற உறிஞ்சாத பரப்புகளில் வீட்டுப் பிளீச் நன்றாகவே வேலை செய்யும், அதாவது நச்சின் மூலக்கூறுகளைச் சிதைக்கும். கிருமிகளுக்காக ஐம்பது மடங்கு நீர் கலந்து நீர்த்த கரைசல் இதற்குப் போதாது. அண்மையில் வாங்கிய திரவத்தையே பயன்படுத்துங்கள். வெயிலிலும் வெப்பத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் வாசனை இருக்கும், வலு இருக்காது. தடவியவுடன் துடைத்துவிடாமல், அரை மணி நேரமாவது ஈரம் காயாமல் வைத்திருந்து, பிறகு சோப்பு நீரால் கழுவுங்கள். கழிவறை அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ அதனுடன் சேர்க்கவே கூடாது. போன நச்சுக்குப் பதிலாகக் குளோரின், குளோரமின் போன்ற நச்சு வாயுக்களை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். உடம்பில் பட்டதற்குப் பிளீச் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும்.

இப்போது பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். பெயிண்ட் அடித்த சுவர் பார்வைக்கு வழவழப்பாக இருப்பதால் அதையும் கண்ணாடியோடு சேர்த்துவிடுகிறோம், ஆனால் விஎக்ஸ் போன்ற நச்சு பெயிண்ட் படலத்துக்குள் ஊறிச் சென்றுவிடும். மேலே தடவிய பிளீச் மேலே இருப்பதை மட்டுமே சிதைக்கும். உள்ளே ஒதுங்கியது பிறகு மெல்ல வெளியே கசியும். வாஷ்பேசின் ஓரத்துச் சிலிகான் பூச்சு, குளிர்பதனப் பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை, தொலைக்காட்சி ரிமோட்டின் மெத்தென்ற பொத்தான்கள் ஆகியவையும் இப்படித்தான். எஃகு மேசையின் மேற்பரப்பைப் பளபளவென்று துடைத்துவிட்டு, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையை மறந்துவிட்டால், தினமும் முழங்கை படுவது அந்தப் பட்டையில்தான். பிடுங்கக்கூடியதைப் பிடுங்கிவிடுங்கள், சுவரைச் சுரண்டவோ தேய்க்கவோ செய்யாமல், மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சோபா, கம்பளம், மெத்தை ஆகியவற்றில் நச்சு பட்டிருக்கும் என்று ஐயமிருந்தால் அவற்றைக் காப்பாற்ற முயலவே வேண்டாம்.

புகை அடிக்கும் நிறுவனத்தைப் பற்றி: கொசுவுக்கு அடிக்கும் புகையும் ஓசோன் இயந்திரமும் பெயிண்டுக்குள் ஊறியதை வெளியே எடுக்காது. இப்படிப்பட்ட ஒரு சான்றிதழை நான் பார்த்திருக்கிறேன். தங்க நிற முத்திரை இருந்தது, ‘100 விழுக்காடு பாதுகாப்பு’ என்ற வாசகம் இருந்தது, எந்தச் சுவரில் மாதிரி எடுத்தார்கள், அதில் எவ்வளவு நச்சு இருந்தது என்ற எண் மட்டும் இல்லை. எந்த அறையில், எந்தப் பரப்பில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், எந்த ஆய்வகம் சோதித்தது, அளவு என்ன என்ற விவரங்கள் இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இத்தகைய நிறுவனங்களுக்குத் தகுதி வரையறுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

துடைத்த துணியையும் கையுறையையும் இரட்டைப் பையில் கட்டி, அன்றாடக் குப்பையில் போடாமல் அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். வேலையின் நடுவே மூக்கு ஒழுகினாலோ, கண் பாவை சுருங்கிப் பார்வை மங்கினாலோ, மார்பு இறுகினாலோ, துணியை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறுங்கள். உடனே அவசர மருத்துவ உதவியை அழைத்து, நச்சின் பெயரைச் சொல்லுங்கள்.