நெளிந்த டின்னும் வெள்ளத்தில் கிடந்த டின்னும்

வாசகர் கேள்வி - பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மட்டக்களப்பு

கேள்வி: வெள்ளம் வந்தால் எங்களுக்குப் பாதை இல்லை, தோணிதான். அதனால் மாரி தொடங்குமுன் டின்மீன் வாங்கி அடுக்கி வைப்போம். இந்த முறை கடையில் நெளிந்த டின்களை விலை குறைத்துத் தந்தார்கள். இரண்டில் விளிம்பு அமுங்கி இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது கீழ்த்தட்டில் இருந்தவை சேற்றில் கிடந்தன. "நல்லாக் கொதிக்க வைச்சா ஒண்டும் செய்யாது" என்கிறார் கணவர். சமைக்கலாமா ஐயா?
வாசகி, கிரான்

பதில்: மகள், விளிம்பு அமுங்கிய இரண்டையும் இன்றைக்கே ஒதுக்கி விடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் கடையில் டின்னை எடுத்தால் முதலில் விரலால் விளிம்பைச் சுற்றித் தடவுவேன், திகதியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். மூடியும் உடலும் சேரும் இடத்தில் தகரம் மடிந்து வயல் வரம்பு மாதிரி எழும்பி நிற்கும். வெளிக்காற்றும் கிருமியும் உள்ளே போகாமல் காப்பது அந்த மடிப்புத்தான். அது கொஞ்சம் நசுங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழலாம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒட்டு ஓடும் டின்களில் அந்த ஒட்டுக்கும் இதே கணக்கு. உடலின் நடுவில் மேலோட்டமாக அமுங்கியிருந்தால் பயமில்லை, சமைக்கலாம். விரலை உள்ளே வைக்கக்கூடிய அளவு ஆழமாகவோ, கூராக மடிந்தோ இருந்தால் வேண்டாம்.

அப்புறம் பெருவிரலால் இரண்டு பக்க மூடியையும் அழுத்துங்கள். நல்ல டின் இறுகி நிற்கும். 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்பி வந்தாலோ, ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் எழும்பினாலோ, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய டின்னையும் கசியும் டின்னையும் திறக்கவே கூடாது. திறக்கும்போது சீறி அடித்தாலும் அது குப்பைக்குத்தான்.

கணவர் சொல்வதில் பாதி சரி. டின்னில் நாம் அதிகம் அஞ்சுவது குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியை. காற்றில்லாத இடத்தில்தான் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். தொழிற்சாலையில் டின்னை மூடிய பிறகு அமுக்க நீராவியில் 121 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவது அதன் வித்துகளை, அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவத்தை, அழிக்கத்தான். நம் அடுப்பில் தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும், வித்து அதற்கு அசையாது. அது சுரந்த நஞ்சு 10 நிமிடம் நன்றாகக் கொதித்தால் அழியும், உண்மை. ஆனால் டின்னைத் திறக்கும்போதே கையில் தெறிக்கும், பிள்ளை விரலை நக்கும். ஓட்டை டின்னுக்குள் வேறு கிருமிகளும் நுழையும். அவற்றில் சில விடும் நஞ்சும், பழுதான மீனில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளும் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியா. நாக்கில் வைத்து ருசி பார்க்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். பொட்டுலினம் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை.

இனிச் சேற்றில் கிடந்தவை. விரலால் இழுத்துத் திறக்கும் வளையம் உள்ளவை, திருகு மூடிப் போத்தல்கள், பிளாஸ்டிக் மூடி போட்ட பால்மா டின்கள் எல்லாம் போகட்டும். வெள்ளத்தில் மலசலகூடக் குழித் தண்ணீரும் கலந்து வருகிறது, அந்த மூடி இடுக்குகளைக் கழுவித் தீராது. வெட்டித் திறக்கும் முழுத் தகர டின், நெளியாமல் துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும் காப்பாற்றலாம். லேபலை உரித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்து, கொதி வந்த பிறகும் 2 நிமிடம் அடுப்பில் விடுங்கள். 2011 தை மாத வெள்ளத்துக்குப் பிறகு படுவான்கரையில் வீடு வீடாகப் போனபோது லேபல் கழன்ற டின்கள்தான் பெரிய தலையிடி. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே உரிக்குமுன் பெயரையும் திகதியையும் குறித்து வைத்து, ஆறியதும் அழியாத பேனையால் டின்னிலேயே எழுதுங்கள். முதலில் அவற்றைச் சமைத்து முடியுங்கள்.

கழிக்கும் டின்களை இரண்டு பையில் போட்டுக் கட்டி, நாய், கோழி கிளறாத ஆழத்தில் புதையுங்கள். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் சில நாட்களுக்குக் கவனியுங்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இல்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள், இதில் பெரும்பாலும் காய்ச்சல் வராது.

விளிம்பு நசுங்கிய டின்னை விலை குறைத்து விற்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அதை வாங்குவது ஏழைச் சனம்தான். உண்ணத் தகாததை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரையோர வீடு. உப்புக் காற்றில் டின்களில் துரு பிடிக்கிறது. எறியவா?
வாசகர், கல்முனை

பதில்: தம்பி, துணியால் துடைத்துப் பாருங்கள். துடைக்கத் துரு போய்த் தகரம் வழுவழுப்பாக இருந்தால் சமைக்கலாம். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் எறியுங்கள். இனி வாங்குவதைத் தரையில் வைக்காமல், மூடியுள்ள வாளியில் போட்டு உலர்ந்த அறையில் வையுங்கள்.