பெரிய பைனாகுலர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க கழுத்தைக் கேளுங்க

வானம் பாக்க பெரிய பைனாகுலர் வாங்கறது பத்தி கேள்வி நிறைய சேர்ந்துடுச்சு, அதுல பாதிக்கு மேல "எவ்ளோ பெருசு வாங்கலாம்"ங்கற ஒரே கேள்விதான், அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

சார், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஜவ்வாது மலைக்குப் போவோம். 15×70 போதுமா, இல்ல ஒரேயடியா 25×100 வாங்கிடவா?

15×70 வாங்குங்க (முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறது, ரெண்டாவது முன்பக்க லென்ஸோட அகலம், மி.மீ.ல). 25×100 நாலு கிலோவுக்கு மேல இருக்கும், சாதாரண கேமரா ட்ரைபாட் தாங்காது, சரி பெரிய ட்ரைபாடே வாங்கிட்டீங்கன்னு வைங்க, அப்பதான் அடுத்த தலைவலி ஆரம்பிக்கும். வெளிநாட்டுக்காரங்க ரிவ்யூல ட்ரைபாட்ல வெச்சு சௌகரியமா பாத்தேன்னு சொல்றாங்கல்ல, அது அவங்க ஊருக்குச் சரி. லண்டன்ல கார்த்திகைக் கொத்து உச்சத்துக்கு வந்தாலே 62 டிகிரி உயரம்தான், நம்ம ஜவ்வாது மலைல இருக்கற காவலூர் பக்கத்துலேர்ந்து பாத்தா அதே கார்த்திகை 78 டிகிரி, பூசம் 83 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல. நேரா பாக்கற பைனாகுலரை அவ்ளோ தூக்கி வெச்சா நீங்க ட்ரைபாட் காலுக்கு நடுவுல குந்திக்கிட்டு கழுத்தை மடிச்சுத்தான் பாக்கணும், பத்து நிமிஷம் தாங்காது. கண்வைக்கிற பக்கம் 45, 90 டிகிரி வளைஞ்ச மாடல்லாம் இருக்கு, விலையைக் கேட்டா அப்புறம் கழுத்து வலியே பரவாயில்லன்னு தோணும்.

இன்னொண்ணு, 25×100ல தெரியற வட்டம் சுமாரா இரண்டரை டிகிரிதான். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நல்ல இருட்டுல மூணு டிகிரி நீளம், அடங்காது. 15×70ல நாலு டிகிரிக்கு மேல கிடைக்கும், எடை ஒன்றரை கிலோக்குள்ள. அதையும் கையில பிடிச்சா நட்சத்திரம் ஆடும், அதனால ட்ரைபாட்ல மாட்டற எல் அடாப்டர் ஒண்ணு, தலைக்கு மேல இருக்கறதுக்கு ஒரு சாய்வு நாற்காலி. முட்டியை மடக்கி முழங்கையை அதுல ஊனிக்கிட்டா ஆட்டம் பாதி அடங்கிடும். பேரலலோகிராம் ஸ்டாண்டுனு ஒண்ணு இருக்கு, படுத்துக்கிட்டே பாக்கலாம், ஆசாரி யாராவது தெரிஞ்சவர் இருந்தா மரத்துலயே செஞ்சுக்கலாம்.

எனக்கு 54 வயசு. 10×70 ஒண்ணு மலிவா வருது, வெளிச்சம் அள்ளுமாம். வாங்கலாமா அண்ணா?

70ஐ 10ஆல வகுங்க, 7 வருதா, அந்தப் பைனாகுலர்லேர்ந்து வெளிய வர்ற ஒளிக்கற்றையோட அகலம் 7 மி.மீ. இருட்டுல கண்மணி அவ்ளோ விரியறது பெரும்பாலும் இளவயசுலதான், அம்பது தாண்டினா 5 மி.மீ. கிட்ட நின்னுடும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உங்க கண்ணு 5தான் விரியுதுன்னா அந்த 70 மி.மீ. லென்ஸ்ல 50 மி.மீ. மட்டும்தான் உங்களுக்கு வேலை செய்யுது, மீதி சும்மா சுமை. 10×50 (5 மி.மீ.) இல்ல 15×70 (4.7 மி.மீ.) ரெண்டுல ஒண்ணு பாருங்க.

60×60னு போட்டு, சிவப்பு லென்ஸோட ஆயிரம் ரூபாய்க்கு...

வேண்டாம். அந்த 60ங்கற நம்பரை நம்பாதீங்க, சிவப்புப் பூச்சு வர்ற வெளிச்சத்துல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிடும். ஜூம் மாடலும் வேண்டாம். "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" (எல்லா லென்ஸ் பரப்புலயும் பல அடுக்குப் பூச்சு), பேக்-4ங்கற கண்ணாடில செஞ்ச பிரிஸம் (BaK-4னு போட்டிருக்கும்), இந்த ரெண்டும் இருக்கானு பாத்தா போதும்.

கூரியர்ல வந்த 20×80ல ஒவ்வொரு நட்சத்திரமும் ரெண்டா தெரியுது, கொஞ்ச நேரத்துல தலை வலிக்குது. என் கண்ணுல கோளாறா?

கண்ணு நல்லாத்தான் இருக்கு, ரெண்டு குழலும் ஒரே திசையைப் பாக்கல. கொலிமேஷன் போயிடுச்சும்பாங்க. பெரிய பைனாகுலர்ல இது சகஜம், பிரிஸம் கனமா இருக்கும், ஒரு தட்டு தட்டினா நகர்ந்துடும். திருப்பி அனுப்பிடுங்க, நீங்களே ஸ்க்ரூவைத் திருகாதீங்க. என்னோட பழைய 20×80 பஸ்ல மேல் பலகைலேர்ந்து விழுந்தப்ப நான் அந்த வேலையைத்தான் பண்ணேன், ரெண்டா தெரிஞ்ச நிலா ஒண்ணு மேல ஒண்ணு கீழனு ஆயி, கடைசியில ரிப்பேருக்குக் குடுத்த காசுல புதுசே வாங்கியிருக்கலாம்.

லடாக்ல ஹான்லே போறோம், எதை எடுத்துட்டுப் போறது?

குடுத்து வெச்சவங்க. 2022ல அங்க டார்க் ஸ்கை ரிசர்வ்னே, அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காம வானத்தைக் காப்பாத்தற இடம்னே, அறிவிச்சுட்டாங்க. ஆனா அப்சர்வேட்டரி இருக்கற இடம் 4500 மீட்டர் உயரம், ஆக்சிஜன் கம்மி, குளிர்ல விரல் மரத்துடும், அங்க போய் நாலு கிலோவை மாட்டிக்கிட்டு நிக்க முடியாது. 10×50 போதும். லென்ஸ் மேல மூச்சு படாம பாத்துக்கோங்க, உறைஞ்சுடும். ஒரு விஷயத்துல மட்டும் நம்ம ஜவ்வாது மலை ஜெயிக்கும், அதைக் கடைசி கேள்வில சொல்றேன்.

சென்னையில வீடு. லென்ஸுக்குள்ள நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கு.

பூஞ்சை. உள்ள போயிடுச்சுன்னா சர்வீஸ்தான், கண்ணாடியை அரிச்சிருந்தா அதுவும் கஷ்டம். இனிமே அந்த லெதர் பையில வெக்காதீங்க, காத்து புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. மலையிலேர்ந்து பனி படிஞ்சு வந்தா ஈரத்தோட மூடாதீங்க, முதல்ல காயட்டும்.

சனியோட வளையம் தெரியுமா?

15×70ல லேசா நீள்வட்டமா தெரியும், அவ்ளோதான். 2025ல வளையம் விளிம்பு நமக்கு நேரா திரும்பிடுச்சு, இப்பதான் மெல்ல விரியுது. வளையத்துக்காகனா டெலஸ்கோப் வாங்குங்க. வியாழனோட நாலு நிலா 10×50லயே தெரியும்.

புது 15×70 வந்துடுச்சு, மே மாசம் ஏலகிரி போறோம், முதல்ல எதைப் பாக்கறது?

அமாவாசை ஒட்டிப் போங்க, போனதும் செல்ஃபோனை ஆஃப் பண்ணிட்டு அரைமணி நேரம் சும்மா உக்காருங்க. மே நடுவுல ராத்திரி பத்தரை வாக்குல நேர் தெற்கே, கையை நீட்டி மூணு முஷ்டி உயரத்துல, மங்கலா ஒரு நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதுதான் ஒமேகா சென்டாரி, உருண்டையா சேர்ந்த பெரிய நட்சத்திரக் கொத்து. பைனாகுலரைத் திருப்பினா பஞ்சு உருண்டை மாதிரி பெருசா நிக்கும், ஓரமெல்லாம் பொடிப்பொடியா. ஹான்லேல இது பத்து டிகிரிதான் ஏறும், மலை மறைச்சாலும் மறைச்சுடும். நமக்கு, ஜவ்வாது மலையோ ஏலகிரியோ, முப்பது டிகிரி! அப்புறம் தூங்கிடாதீங்க, நள்ளிரவு தாண்டினதும் தேளோட வால், அதாவது மூலம், நல்லா மேல வந்துடும், அந்த வாலுக்குக் கொஞ்சம் கிழக்கால ரெண்டு நட்சத்திரக் கொத்து பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.